வெள்ளிக்கிழமைக் கோழிச்சாறு

சுவர்ப் பக்கத்திலிருந்து வாசற்பக்கமாக: முதலாவது நான். இரண்டாவது, காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பிரெஞ்சு இளைஞர். இவர் எங்கள் ஆள் அல்ல. மூன்றாவது, எங்கள் மகள் ஆன்ஜெலிக். நான்காவது, என் மனைவி அற்புதராணி. ஐந்தாவது, மதாம் மதலேன், மாப்பிள்ளையாக வரக்கூடியவரின் தாயார். ஆறாவது, அந்த வரக்கூடியவர், யானிக். ஏழாவது, வாசற்கதவை ஒட்டி, அவருடைய தகப்பனார் முசியே ரேமண்ட். எல்லோரும் ஒரே நீளப் பலகையின் முன்னால், ஒரே வரிசையில், சமையற்காரரைப் பார்த்தபடி இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை.

மன்னாரிலிருக்கும் என் மைத்துனர் செபஸ்டியனுக்கு நான் எழுதும் கடிதங்கள் இப்படித்தான் தொடங்கும். யார் யார் வந்தார்கள், எங்கெங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லாவிட்டால் அவர் மிச்சத்தை நம்பமாட்டார். அவர் என் மனைவியின் மூத்த அண்ணன், ஆன்ஜெலிக்குக்குத் தாய்மாமன். தொலைபேசியில் அவருக்குக் காது கேட்பதில்லை. அவருடைய ‘ஓம்’ இல்லாமல் எங்கள் வீட்டில் கதிரையை இடம் மாற்றுவதும் கிடையாது, கலியாணப் பேச்சை எப்படி முடிப்பது? ஆகவே கடிதம். முருங்கன் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியவன் நான். வலது மூலையில் இடமும் திகதியும், பிறகு விளிப்பு, பிறகு சுகம் விசாரிப்பு, பிறகு விஷயம். அந்த வரிசை ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. இந்த முறை முதற்பந்தி முடிந்து இரண்டாவது பந்தியில் பேனா நின்றுவிட்டது. காரணம் ஒரு கோப்பை கோழிச்சாறு.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆன்ஜெலிக்கும் யானிக்கும் பாரிசின் புறநகரான பொபினியில் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இரு பக்கமும் தமிழர், இரு பக்கமும் கத்தோலிக்கர். இதற்குமேல் என்ன வேண்டும் என்று வெளியாட்கள் கேட்கலாம். உள்ளாட்களுக்கு நிறைய வேண்டியிருந்தது. யானிக்கின் பெற்றோர் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்கள். லெ பிளாங்-மெனிலில் தோட்டத்தோடு வீடு. ரேமண்ட் சுங்கத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மன்னார் ஆட்கள். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் வாடகை மாடி. நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் கோப்புகளை அடுக்குகிறவன்.

“புதுச்சேரி ஆக்கள் பிரெஞ்சுக்காரராய்ப் போட்டினம். நத்தாருக்கும் செத்தவீட்டுக்கும்தான் கோயில். என்ர பிள்ளை வேதம் இல்லாத வீட்டுக்குப் போகக் கூடாது,” என்றாள் அற்புதராணி.

மதாம் மதலேன் சொன்னது யானிக் வழியாகவும் ஆன்ஜெலிக் வழியாகவும் வடிகட்டப்பட்டு எங்களிடம் வந்தது: “சிலோன்காரங்க கோயிலுக்குக் கூட்டமாத்தான் வருவாங்க. பாதிப் பேரு வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவாங்க.” வாசலில் நின்று பேசுகிற பாதியில் நானும் ஒருவன் என்பதால் நான் இதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

இதற்குமேல் யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்ற சிக்கல். பெண் வீட்டார் வலியப் போய் நிற்பதா என்று ராணி. வீடு தேடிப் போய்ப் பெண்ணைப் பார்க்க அது என்ன சந்தையா என்று மதாம். இப்படியே ஒரு டிசம்பரில் நத்தார் போய் அடுத்த நத்தாரும் போய்விட்டது. அப்போதுதான் யானிக்குக்கு நாந்த் நகரத்துக்கு மாற்றம் வந்தது. கோடைக்குமுன் போகவேண்டும்.

ஆன்ஜெலிக் என்னைத் தனியே கூப்பிட்டாள். அவள் கோபம் வந்தால் தமிழில் கத்துவாள். முடிவு எடுத்தால் பிரெஞ்சில் மெதுவாகப் பேசுவாள். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். ஒரே ஒரு முறை இரண்டு குடும்பமும் சந்தியுங்கள், அன்றைக்கும் சரிவராவிட்டால் நான் எவரிடமும் கேட்காமல் அவனோடு நாந்துக்குப் போய்விடுவேன், உங்களுக்கு அங்கேயிருந்து தபாலட்டை வரும் என்றாள். கடிதம் எழுதுகிற மனிதனுக்குத் தபாலட்டை வரும் என்று சொன்னால் அவன் பயப்படத்தான் செய்வான். பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். இனி நடந்தவை எல்லாம் அந்தப் பொறுப்பின் விளைவுகள்.

சந்திப்பு இரண்டு வீட்டிலும் இல்லை, கடையில் என்று முடிவாயிற்று. லாச்சப்பலில் எங்கள் கடைகள் சரிவராது; வடை மேசைக்கு வருமுன் செய்தி பொண்டிப் புறநகர்வரை போய்விடும். ஆன்ஜெலிக்தான் அந்த யப்பான் கடையைச் சொன்னாள். முன்பு தொலைபேசி அட்டை விற்ற இடம். இப்போது ராமென் என்னும் நூடில்ஸ் சாப்பாடு. பன்றி கிடையாது, கோழிச்சாறு மட்டும்தான், அதுதான் அவர்களுடைய பெயர்போன சரக்கு. மதாமுக்குப் பன்றி ஒத்துக்கொள்ளாது. அதனால் பொருத்தமான இடம். தமிழர் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் நான் ராணிக்குச் சொன்னது, “யப்பான் கடை.” யப்பான் என்றால் மீன் என்று மன்னாரில் பிறந்தவள் தானாக விளங்கிக்கொண்டாள். யானிக்கும் தன் தாயாரிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான். அங்கேயும் மீன் என்றே விளங்கியிருக்கிறது.

நாள் குறிப்பது என் வேலை. கோடு போட்டுக் கட்டம் கீறி ஒவ்வொருவருடைய வசதியையும் எழுதினேன். சனிக்கிழமை ஆன்ஜெலிக்குக்குப் பயிற்சி வகுப்பு. ஞாயிறு கோயில். திங்கள் கடை பூட்டு. செவ்வாய் ரேமண்டுக்கு முதுகு வைத்தியம். புதன் ராணிக்கு வேலை. வியாழன் யானிக்குக்குக் கூட்டம். மிஞ்சியது வெள்ளி மத்தியானம். எல்லோரும் சம்மதம். எல்லாருடைய நாளையும் பார்த்தேன், ஆண்டவருடைய நாளை மட்டும் பார்க்கவில்லை. அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்.

இதில் இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் தமிழ்ப் பூசையில் அறிவித்தல் வாசிக்கிறவன் நான்தான். தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி சாப்பிடாமல் இருப்பது, அனுசரிக்கும்படி போன ஞாயிறு ஒலிவாங்கியில் கேட்டுக்கொண்டவனும் நான்தான். அந்த அறிவித்தலைத் தட்டச்சு செய்து, ‘சுத்தபோசனம்’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டவனும் வேறு யாருமில்லை.

ஆனால் என் மூளை அந்த வாரம் முழுக்க வேறு விஷயத்தில் இருந்தது. யப்பானில் நூடில்ஸைச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவதுதான் மரியாதை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். முறை தெரியாதவன் என்று சம்பந்தி வீடு நினைக்கக் கூடாது. வியாழக்கிழமை பொதி நூடில்ஸ் வாங்கி அவித்து, குசினியில் நின்று உறிஞ்சிப் பழகினேன்.

“தண்ணிக் குழாயிலை ஏதோ அடைச்சுப் போச்சு போலை,” என்று ராணி அறையிலிருந்து கூப்பிட்டாள்.

பேசவேண்டிய விஷயங்களை ஒரு மட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். முதலாவது, இரு குடும்பத்தின் பூர்வீகம். இரண்டாவது, வேதம். மூன்றாவது, கலியாணம் எந்தக் கோயிலில். இப்படிப் போய், கடைசியில் நன்றியுரை.

வெள்ளி மத்தியானம் கடை வாசலில் வரிசை நின்றது. முன்பதிவு கிடையாதாம். லெ பிளாங்-மெனில்காரர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். ரேமண்ட் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மதாம் மதலேன் ஒரு சிறிய தங்கச் சிலுவை போட்டிருந்தார். ராணி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். கைகொடுத்தோம். “எல்லாம் சுகந்தானே,” என்றேன். “இருக்கோம் முசியே,” என்றார் ரேமண்ட். பிறகு எல்லோரும் கடைக் கண்ணாடியைப் பார்த்தோம். கண்ணாடி முழுக்க ஒரு பெரிய சேவல் கீறியிருந்தது.

ராணி என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். இடம் பிடிக்கச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டு நான் முன்னால் நகர்ந்தேன். மறுபடி இழுத்தாள். “பொறும், உள்ளுக்கை கதைப்பம்,” என்றேன்.

கதவைத் திறந்ததும் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யப்பானிய மொழியில் ஒரு வரவேற்புக் குரல் எழுந்தது. குரல் யப்பானியம், தொண்டை பருத்தித்துறை. கறுப்புத் துணியால் தலை கட்டியிருந்தவர் என்னைக் கண்டதும் அகப்பையை நிறுத்தினார்.

“மடுத்தீன் அண்ணையோ? வாங்கோ வாங்கோ. குடும்பமாய் வந்திருக்கிறியள். என்ன விசேசம்?”

சுரேன். எங்கள் மாடிக்குக் கீழ்மாடியில் இருக்கிறவர். தமிழர் இல்லாத இடமென்று தேடிப் பிடித்த கடையின் அடுப்பு அவருடைய கையில் இருந்தது.

“சும்மா,” என்றேன்.

“ஓம், ஓம். சும்மாதான்,” என்று சுரேன் மதாமையும் கழுத்துப்பட்டியையும் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்.

மேசை கதிரை இல்லை. பலகையும் உயரமான முக்காலிகளும்தான். எந்த இடம் காலியாகிறதோ அதில் ஏறவேண்டும். அப்படி ஏறியதில்தான் தொடக்கத்தில் எழுதிய வரிசை உண்டாயிற்று. பேச்சைத் தொடங்கவேண்டிய இரண்டு தகப்பன்மாரும் இரண்டு அந்தத்தில். எனக்கும் என் குடும்பத்துக்கும் நடுவில் ஹெட்போன் இளைஞர். இடம் மாறமுடியுமா என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். தன் கோப்பையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி சாப்பிட்டார்.

மட்டையை எடுத்தேன். முக்காலியில் பின்னால் சாய்ந்து, எல்லாருடைய முதுகுக்கும் பின்னால் ரேமண்டைத் தேடினேன். அவரும் சாய்ந்தார்.

“முசியே ரேமண்ட், உங்கட பூர்வீகம் புதுச்சேரி நகரமோ, காரைக்கால் பக்கமோ?”

“என்னாங்க?”

“பூர்வீகம்.”

“சூடாத்தான் இருக்கு முசியே, ஆறட்டும்.”

கோப்பைகள் வந்துவிட்டிருந்தன. நான் மட்டையைப் பையில் வைத்தேன்.

அந்தச் சாற்றைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனமில்லை. மனமிருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. வெள்ளை வெளேரென்று, தேங்காயின் முதற்பால் விட்ட சொதி மாதிரி. கோழியின் எலும்பையும் காலையும் கரைய விட்டுக் கொதிக்கவைத்தால் அந்த நிறம் வருமாம். மேலே இரண்டு துண்டு இறைச்சி, பாதி முட்டை, வெங்காயத்தாள். குனிந்தேன். ஆவி மூக்குக்கண்ணாடியை மூடிவிட்டது. கழற்றிப் பலகையில் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே பனிமூட்டம். இதுவும் ஒரு காரணம் என்று பிறகு ராணியிடம் சொல்லிப்பார்த்தேன், எடுபடவில்லை.

உறிஞ்சினேன். பழகிய உறிஞ்சல் வீண்போகவில்லை. ஹெட்போன் இளைஞர்கூடத் திரும்பிப் பார்த்தார். மறு அந்தத்திலிருந்து ரேமண்ட் உறிஞ்சுவது கேட்டது. பேச்சு நடக்காவிட்டாலும் இரண்டு குடும்பத் தலைவர்களும் உறிஞ்சல் மூலம் தொடர்பில் இருக்கிறோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. இறைச்சி முடிந்தது, முட்டை முடிந்தது, நூடில்ஸ் முடிந்தது. காணொளியில் சொன்னபடி கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி அடிமட்டும் குடித்தேன்.

கோப்பையைக் கீழே வைக்கவும் சுரேன் என் பக்கம் குனிந்தார்.

“அண்ணை, உப்புச் சரியோ? வெள்ளியிலை நான் மச்சம் மாமிசம் வாயிலை வைக்கிறேல்லை. முதலாளிதான் ருசி பாக்கிறவர், மனுசன் இண்டைக்குப் பிந்திப் போச்சு.”

ஒரு சமையற்காரர் அபிப்பிராயம் கேட்டால் அரைகுறையாகச் சொல்வது என் வழக்கமில்லை. மேலே புகைபோக்கி இரைந்துகொண்டிருந்தது. இளைஞரைத் தாண்டியும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

“உப்பு அந்தமாதிரி, சுரேன். எலும்பின்ர சாரம் முழுக்க இறங்கியிருக்கு. இறைச்சி பஞ்சுமாதிரி. வெள்ளியெண்டால் என்ன, சனியெண்டால் என்ன, கோழி எண்டால் இப்பிடி இருக்கோணும்.”

மறு அந்தத்து உறிஞ்சல் சட்டென்று நின்றது.

ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்த்தேன். இளைஞருடைய கோப்பை காலி. ஆன்ஜெலிக்குடையது பாதி. அடுத்தது ராணியுடையது, விளிம்புவரை நிறைந்து, மேலே கொழுப்பு ஆடைகட்டி, தொடாமல் இருந்தது. அதற்கடுத்தது மதாம் மதலேனுடையது. அதுவும் நிறைய, மரக்குச்சிகள் பிரிக்கப்படாமல் கடதாசியோடு. யானிக்குடையது பாதி. கடைசியில் முசியே ரேமண்ட் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்திருந்தார். கழுத்துப்பட்டி மட்டும் தெரிந்தது.

ராணி என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த யப்பானிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“இஞ்சருங்கோ. போன ஞாயிறு பூசை முடிய அறிவித்தல் வாசிச்சது ஆர்?”

“நான்தான்.”

“என்ன வாசிச்சனீங்கள்?”

“தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைமக்கள் அனைவரும்—”

வாய் பழக்கத்தில் அவ்வளவு தூரம் போய்விட்டது. தடித்த எழுத்துச் சொல் வருமுன் நின்றது.

ஆன்ஜெலிக் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நாந்த் ரயில் மேடையை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. வேதம் உள்ள வீடு என்று காட்டவேண்டிய நாளில், அறிவித்தல் வாசிக்கிற தகப்பன், மாப்பிள்ளை வீட்டார் காது கேட்க, வெள்ளிக்கும் சனிக்கும் கோழியில் வித்தியாசமில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்.

ரேமண்ட் கோப்பையை இறக்கினார். “இன்னிக்கு வெள்ளியா?”

“வீட்டுல கிளம்பறப்பவே சொன்னேன்,” என்றார் மதாம் மதலேன். “வாசல்ல கோழிப் படத்தப் பாத்ததும் கிள்ளினேன். இங்க வந்து காலை மிதிச்சேன். எட்டினது யானிக் காலுதான்.”

“நான் வாயை மூடச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்,” என்றான் யானிக் பிரெஞ்சில்.

ரேமண்ட் பின்னால் சாய்ந்து என்னைத் தேடினார். “முசியே, அறுபது தாண்டினா விலக்கு உண்டுங்களே? நீங்க கோயில் விஷயம் தெரிஞ்சவரு.”

இங்கே நான் ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தப்பியிருப்பார். நானும் கொஞ்சம் மரியாதையோடு எழும்பியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்லவேண்டும் என்று ஒரு வியாதி எனக்கு.

“அது ஒருசந்திக்கு, முசியே ரேமண்ட். நோன்புக்குத்தான் வயசு விலக்கு. சுத்தபோசனத்துக்கு இல்லை.”

“சாறுதானுங்களே? தண்ணி மாதிரிதானே?”

“இறைச்சித் துண்டு ரண்டு இருந்தது.”

“அத நான் கவனிக்கலைங்க,” என்றார் ரேமண்ட், மிக மெதுவாக.

மதாம் மதலேன் ராணி பக்கம் திரும்பினார். அந்தப் பலகையில் அதுவரை யாரும் யார் பக்கமும் அப்படி முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

“மதாம், நீங்க வயிறு சரியில்லன்னு சொன்னீங்களே.”

“இல்லை,” என்றாள் ராணி. “வெள்ளி. நீங்கள் வந்த இடத்திலை மூஞ்சையை முறிக்கக் கூடாதெண்டு வாய் திறக்கேல்லை. நீங்கள் சூடு ஆறட்டும் எண்டியள்?”

“உங்க பொண்ணு பாத்து வெச்ச கடை. வேணாம்னா நீங்க என்ன நெனப்பீங்க? அதான் ஆறட்டும் ஆறட்டும்னு கதை விட்டுட்டு உக்காந்திருக்கேன். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

“நானும்தான்.”

இரண்டு பேரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். பிறகு ராணி இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். மதாம் வலப்பக்கம் திரும்பி ரேமண்டைப் பார்த்தார். மதாமின் தோள் முதலில் குலுங்கியது. ராணி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள், அது உதவவில்லை. சுரேன் நூடில்ஸ் வடிக்கிற கூடையோடு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய முதுகும் குலுங்கியது.

“இவர் வீட்டிலையும் வாசிப்பார், மதாம். வாசிக்கிறதோடை சரி. தனக்குக் கேக்கிறேல்லை.”

“எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. கேட்டுட்டு, அப்பிடியான்னுட்டு, மறந்துடுவாரு.”

இந்த நேரத்தில்தான் கடை முதலாளி உள்ளே வந்தார். சின்ன உருவம், வெள்ளைச் சட்டை. இரண்டு கோப்பைகள் நிறைந்தபடி இருப்பதைக் கண்டு முகம் கறுத்தது. ஒரு கரண்டியால் பானையிலிருந்து அள்ளி ருசி பார்த்தார். யோசித்தார். மறுபடி பார்த்தார். சுரேன் அவர் காதில் விளக்கம் சொன்னார். அவர் எங்கள் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துவந்து, என் காலிக் கோப்பையில் கண்ணை நிறுத்தி, சுரேனிடம் ஏதோ கேட்டார்.

“என்ன கேக்கிறார்?” என்றேன்.

“உவர் வேறை மதமோ எண்டு கேக்கிறார், அண்ணை.”

சுரேன் பெண்கள் இருவருக்கும் வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும் வெங்காயத்தாளும் வைத்துக் கொஞ்சம் சோயா விட்டுக் கொடுத்தார். கோழிச்சாற்றுக்குப் பெயர்போன கடையில் அவர்கள் சோறும் முட்டையும் சாப்பிட்டார்கள், சாப்பிட்டபடி கதைத்தார்கள். எங்களைப் பற்றித்தான் என்பது திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. மற்றபடி ஒன்றும் கேட்கவில்லை, இளைஞர் மறைத்தார். அவர் இப்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். தவக்காலம், சுத்தபோசனம், பூர்வீகம், எந்தக் கோயிலில் கலியாணம் என்று மட்டையில் இருந்த எல்லா விஷயங்களையும் வரிசைப்படி அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். மனம் தளரவேண்டாம் என்று சொல்லி எழுந்து போனார். நான் தயாரித்த பேச்சு முழுவதையும் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அந்த முக்காலி காலியானதும் அதற்கு நகரலாமா என்று யோசித்தேன். ராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தேன்.

எழும்பும் நேரம் ராணி அந்த இரண்டு கோப்பைகளையும் சுட்டிக்காட்டினாள்.

“சுரேன், உதை எறியப்போறீரோ? கட்டித் தாரும்.”

முதலாளி தலையை ஆட்டினார். கட்டிக் கொடுப்பதில்லையாம். நூடில்ஸ் ஊறிக் கெட்டுப்போகுமாம், கடையின் பெயர் கெடுமாம். ராணிக்கு யப்பானியமும் தெரியாது, சாப்பாட்டு விஷயத்தில் ஆண்கள் சொல்கிற ‘இல்லை’யும் விளங்காது. அவள் பலகையில் கையை வைத்தபடி நின்றாள். பக்கத்தில் மதாம் மதலேனும் வந்து நின்றார். முதலாளி இருவரையும் பார்த்தார். கடைசியில் சாற்றைத் தனியாக மூடிப் பெட்டிகளில் வடித்து, இறைச்சியைத் தனியாக வைத்து, அவிக்காத நூடில்ஸைத் தனியாகச் சுற்றி, அவிக்கும் முறையைச் சுரேன் மூலம் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்து, குனிந்து வணங்கினார்.

நடைபாதையில் நின்றோம். பை ஆன்ஜெலிக்கின் கையில் இருந்தது.

“ஒண்டை நீங்கள் கொண்டுபோங்கோ,” என்றாள் ராணி.

மதாம் மதலேன் பையைப் பார்த்தார். “ரெண்டு பொட்டியப் பிரிச்சா யாருக்கும் பத்தாது. நாளைக்குச் சனி, சாப்பிடலாம். நீங்க எல்லாத்தயும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. நான் சுடவெச்சு, கூட ஒரு கோழியும் வறுத்து வெக்கிறேன்.”

ராணி யோசிப்பது எனக்குத் தெரிந்தது. பெண் வீட்டார் முதலில் போவதா என்பதுதான் அந்த யோசனை. ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு யோசனை இருந்ததில்லை. ஆன்ஜெலிக் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். பயிற்சி வகுப்பைப் பற்றி அவள் மூச்சும் விடவில்லை.

“சாறு கொண்டு வாறதுதானே,” என்றாள் ராணி. “அதுக்கென்ன. வாறம்.”

“அப்ப வரேன், சம்பந்திம்மா,” என்றார் மதாம் மதலேன்.

ரேமண்ட் என்னைப் பார்த்தார், நான் ரேமண்டைப் பார்த்தேன். பேச்சு முடிந்துவிட்டது, தொடங்கவேண்டியவர்கள் நாங்கள் இருவரும் இன்னும் தொடங்கவில்லை.

“ஓம், போட்டு வாங்கோ சம்பந்தி,” என்றாள் ராணி, கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டு.

சனிக்கிழமை புறநகர் ரயிலில் சாறு என் மடியில் பயணம் செய்தது. சரிக்காமல் பிடிக்கவேண்டும் என்பது மட்டும்தான் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. லெ பிளாங்-மெனில் வீட்டில் மேசை இருந்தது, கதிரைகள் இருந்தன, எல்லோரும் முகம் பார்த்து இருந்தோம். நான் மட்டையை எடுத்தபோது ரேமண்ட், “ஆறிடும் முசியே,” என்றார். எடுத்ததை வைத்துவிட்டேன். ராணி சாற்றை ஒரு கரண்டி வாயில் விட்டு, கொஞ்சம் யோசித்து, “உப்புக் குறைவு,” என்றாள். “அதான்,” என்றார் மதாம். கலியாணம் நாந்துக்குப் போகுமுன், தாய்மாமனுடைய சம்மதம் வந்ததும் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

ஆகவே இன்று, ஞாயிறு, பூசையிலிருந்து வந்து கடிதத்துக்கு இருந்தேன். பூசையில் வழக்கம்போல அறிவித்தல் வாசித்தேன். தடித்த எழுத்து இடம் வந்ததும் ஒலிவாங்கியிலிருந்து கொஞ்சம் விலகி வாசித்தேன்.

இரண்டாவது பந்தியை முதலில் இப்படி எழுதினேன்: ‘உணவு வழங்கப்பட்டது. அனைவரும் திருப்தி.’

ராணி தோளுக்கு மேலால் பார்த்தாள். “ஆர் அனைவரும்?”

வெட்டிவிட்டு, ‘சிலர் உண்டனர், சிலர் உண்ணவில்லை’ என்று எழுதினேன்.

“அண்ணை ஆர் எண்டு கேட்டு மறுகடிதம் போடுவார். அது வந்து, நீங்கள் பதில் போட்டு, அது போய்ச் சேர, இவள் நாந்திலை பிள்ளை பெத்திடுவாள். உள்ளதை எழுதுங்கோ.”

உள்ளதை எழுதினேன். வரிசை இலக்கம் ஏற்கெனவே போட்டிருந்தது நல்லதாயிற்று: ‘நாள் தவக்கால வெள்ளி. உணவு கோழிச்சாறு. 1, 7 ஆகிய இலக்கத்தவர்கள் முழுவதும் உண்டார்கள். 3, 6 பாதி. 4, 5 தொடவில்லை. 2 எங்கள் ஆள் அல்ல. நாளைக் குறித்தவர் 1.’ அதன் கீழே மாப்பிள்ளையின் வேலை, குணம், குடும்பம் எல்லாம் வரிசைப்படி எழுதி, உங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கிறோம் என்று முடித்தேன்.

ராணி பேனாவை வாங்கிக் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: ‘அண்ணை, வெள்ளிக்கிழமை தெரிஞ்ச வீடு. மாமி நல்ல மனிசி. மாமனும் இவரும் ஒரு சோடி. ஓம் எண்டு எழுதுங்கோ.’

தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். விலாசம் சரிபார்த்தேன். பசையை நாக்கால் நனைக்கக் கொண்டுபோனபோது ராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இண்டைக்கு ஞாயிறு. நக்கலாம்,” என்றாள்.

ஒட்டி, மேசைவிளிம்பில் வைத்துத் தேய்த்து, முத்திரையும் ஒட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழ்மாடிப் படியில் சுரேன் ஏறி வந்தார். “என்ன அண்ணை, சும்மாவோ?” என்றார். “சும்மா,” என்றேன். மெத்ரோ வாசலிலிருக்கும் மஞ்சள் தபால்பெட்டியில் இரண்டு வாய். இடது பாரிசுக்கும் சுற்றுப்புறத்துக்கும், வலது மற்ற இடங்களுக்கும். இரண்டையும் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசித்தேன். பிறகு வலது வாயில் போட்டேன்.